ஒரு பஸ் தூரம்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் இடது பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்தால் வெயில் அடிக்காது. திரும்பி வரும்போது வலது பக்கம். இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. திருக்கழுக்குன்றம் வருவதற்குள் வேர்த்து வடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நான் பல வருடம் அந்த பஸ்ஸில் போய் வந்தவள். அகதிகளைப் பற்றிய என் ஆய்வில் பாதி அந்த ஜன்னலோரத்தில்தான் நடந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்லும்படி விசாரணைக் குழுவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். எனக்கு இதில் பதற்றம் ஒன்றும் இல்லை. வருத்தமாக இருக்கிறதா என்று போன தடவை உங்களில் ஒருவர் கேட்டார். பல் பிடுங்கிவிட்டு வந்ததும் அந்த இடத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்போமே, மரத்துப்போய் யாருடைய வாயோ போல இருக்கும். அப்படித்தான் இருக்கிறது. வலிக்கிறது என்று சொன்னால் பொய்.

தொண்ணூறுகளின் நடுவில் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். என் கணவர் லட்சுமணனுக்குக் கல்பாக்கத்தில் வேலை. செங்கல்பட்டில் வாடகை வீடு. அவர் காலையில் ஸ்டாஃப் பஸ் ஏறிப் போய்விடுவார். நான் மின்சார ரயிலில் சென்னைக்கோ, இல்லையென்றால் முகாம்களுக்கோ போவேன். இலங்கையிலிருந்து வந்து இங்கே முகாம்களில் இருந்தவர்களில், குடும்பத்தில் ஒருவர் என்ன ஆனார் என்றே தெரியாமல் இருப்பவர்கள்தான் என் ஆய்வுப் பொருள். இறந்துவிட்டார் என்று தெரிந்தால் அழுகிறார்கள், காரியம் செய்கிறார்கள், மெல்ல எழுந்துவிடுகிறார்கள். தெரியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? எத்தனை பேருக்கு உலை வைக்கிறார்கள், பொட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? இதையெல்லாம் யாரும் முறையாக எழுதியிருக்கவில்லை. யாரும் எழுதவில்லை என்றால் எங்கள் தொழிலில் அதற்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில், பழைய புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றில் ஒரு முகாம் இருந்தது. பெரிய கூடத்தைச் சேலையாலும் சாக்காலும் தடுத்து வீடுகளாக்கியிருந்தார்கள். தவமலரை அங்கேதான் பார்த்தேன். மன்னார்ப் பக்கத்துப் பெண். தொண்ணூறாம் வருடச் சண்டையில் கைக்குழந்தையோடு படகேறி வந்தவள். பக்கத்து விடுதியில் அறைகளைப் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தாள். படகில் இடம் போதாததால் அவள் கணவர் குணநாயகம் அடுத்த படகில் வருவதாகச் சொல்லிக் கரையில் நின்றுவிட்டார். வரவில்லை. அடுத்த படகைச் சுட்டுவிட்டதாக ஒரு பேச்சு. அவர் படகே ஏறவில்லை என்று இன்னொரு பேச்சு.

மூட்டை முடிச்செல்லாம் வேண்டாம் என்று படகுக்காரர் சொன்னாராம். இவள் இடியாப்பம் பிழிகிற மர உரலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். முதிரை மரத்தில் கடைந்தது, கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்தது. "அந்தச் சனியன எறியடி" என்று கணவர் கத்தியிருக்கிறார். அவர் பேசி அவள் கேட்டது அதுதான் கடைசி.

"பேசாம எறிஞ்சிருக்கலாம் மிஸ்" என்பாள் தவமலர். "நல்லதா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பார்."

இங்கே கரையிறங்கியபோது, துணையில்லாத பெண்களைத் தனியாக எங்கோ அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். கூட வந்த ஒரு பெரியவரின் மகள் என்று சொல்லி வேறு பெயரில் பதிந்துகொண்டாள். அவரும் சீக்கிரமே இறந்துபோனார். பெயர் மட்டும் நின்றுவிட்டது. தவமலர் என்ற பெயர் முகாமில் யாருக்கும் தெரியாது. என்னிடம் மட்டும் சொன்னாள். அதுவும், அவள் சொல்கிற எதையும் இன்னொருவர் காதுக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்த பிறகு. இந்த வாக்குதான் எங்கள் வேலைக்கு அஸ்திவாரம். முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

செங்கல்பட்டுக்கு வெளியே ஏரியைத் தாண்டி ஒரு பழைய கிடங்கில் இன்னொரு முகாம். தொண்ணூற்றாறில் வந்தவர்களை அங்கே வைத்திருந்தார்கள். வாசலில் செங்கல்வராயன் என்று ஒரு போலீஸ்காரர் இருப்பார். என் பையைத் திறந்து பார்க்காமலே உள்ளே விடுவார். "இன்னா மேடம், நீங்களும் வந்துகினே கீறீங்க. இவுங்க கதைய எய்தி இன்னா ஆவப் போவுது?" என்று கேட்பார். நல்ல மனிதர். சாயங்காலம் ஆட்களை எண்ணும்போது யாராவது வேலையிலிருந்து தாமதமாக வந்தால் கண்டுகொள்ள மாட்டார்.

குணநாயகத்தை அந்தக் கிடங்கில் பார்த்தேன். பெயின்ட் அடிக்கிற வேலை. நாவலூர்ப் பக்கம் அப்போதுதான் கட்டடங்கள் எழும்ப ஆரம்பித்திருந்தன. விடிந்ததும் போய்விட்டு இருட்டுவதற்குள் ஓடி வருவார். அவரும் வேறு பெயரில்தான் பதிந்திருந்தார், இறந்துபோன மைத்துனன் பெயரில். அடுத்த படகு ஏறுவதற்குள் ஊரில் இயக்கம் ஒன்று அவரைப் பிடித்துக் கொஞ்ச காலம் வண்டி ஓட்ட வைத்திருந்ததாம். சொந்தப் பெயரைச் சொன்னால் பூட்டி வைக்கிற முகாமுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அதனால் அதிகாரிகளிடம் போய் மனைவியைத் தேடச் சொல்ல முடியவில்லை. வெளி முகாம்களுக்குக் கடிதம் போடவும் முடியவில்லை. வாக்குக் கொடுத்த பிறகு அவரும் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"படகுக்காரன் அவசரப்படுத்துறான் மிஸ், இவள் இடியப்ப உரலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். எனக்குக் கோவம் வந்திட்டுது. சனியன எறியடி எண்டு சத்தம் போட்டன். அதுதான் நான் அவளிட்டச் சொன்ன கடைசி."

அன்று காலை நான் சாப்பிட்டதே அந்த உரலில் பிழிந்த இடியாப்பம்தான். தவமலர் வற்புறுத்தி வைத்தாள். தேங்காய்ப்பால் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினாள்.

நான் டேப்ரிக்கார்டரை நிறுத்தவில்லை. "பிறகு?" என்று கேட்டேன். பழக்கம்.

அன்று வீட்டுக்குப் போய் லட்சுமணனிடம் சொன்னேன், யார், எந்த ஊர் என்று சொல்லாமல். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட வேண்டியதுதானே" என்றார். அப்படிச் செய்வது ஏன் தவறு என்று விளக்கினேன். ஒருவர் நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோனால் அப்புறம் எந்த முகாமிலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றேன். அவர் ரசம் கேட்டார். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்டதில்லை.

முதலில், சரிதானா என்று உறுதி செய்துகொள்ள நினைத்தேன். ஒரே ஊரிலிருந்து ஒரே மாதிரி பலர் வந்திருக்கலாம். குழந்தையின் பெயரை அவராகவே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். தர்சினி என்றார். மாமனார் பெயர், வீட்டுக்கு எதிரே இருந்த கிணறு, எல்லாம் ஒத்துப்போனது. உறுதியான பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு பேரிடமும் தனித்தனியாக அனுமதி கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்பீர்கள். அந்த வழி எனக்கும் தெரியும். அந்தச் சுற்றுப் பேட்டிகள் முடியட்டும் என்றிருந்தேன். பிறகு அடுத்த சுற்று.

இதைச் சொன்னால் நீங்கள் என்னைத் தவறாக நினைக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். காத்திருக்கிற ஒருவரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு பக்கம்தான் கிடைக்கும். எனக்கு இரண்டு பக்கமும் கிடைத்திருந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் கிடைக்காதது. சொல்லிவிட்டால் அன்றோடு முடிந்தது. அவர்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள். முகாமில் எல்லோருக்கும் பாயசம் வைப்பார்கள். பிறகு மற்ற எல்லாக் குடும்பங்களையும் போல அரிசி விலையைப் பற்றிப் பேசுவார்கள்.

அதனால் காலையில் அவளைப் பார்த்தால் சாயங்காலம் அவரைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். அதே கேள்வியை இருவரிடமும் கேட்பேன். கணவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதற்குத் தவமலர், "தேங்காய்ப்பால் சொதி எண்டால் உயிரை விடுவார் மிஸ்" என்றாள். குணநாயகம், "சொதி எனக்கு அவ்வளவு பிடிக்காது. அவள் ஆசையா வைக்கிறாளே எண்டு சாப்பிடுறது. இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்ல" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

ஒருநாள் குணநாயகம் என் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். "மிஸ், நீங்கள் எல்லா முகாமுக்கும் போறனீங்கள்தானே. தவமலர் எண்டு யாரும் இருக்கினமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னேன். அடுத்த வாரம், கேட்டேன், அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றேன். முகாமில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது என்பதால் ஒருவகையில் அது உண்மையும்கூட. சொல்ல முடியாது என்று பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் மக்கு இல்லை. சொல்ல முடியாது என்றால் சொல்ல ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டிருப்பார். அதுவே தவமலருக்கு நான் கொடுத்த வாக்கை மீறியதாகிவிடும்.

அவர் தலையை ஆட்டினார். சுவரில் காய்ந்திருந்த பெயின்ட் துளியை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். "பரவாயில்ல மிஸ். நீங்கள் பஞ்சி அலுப்புப் பாராமக் கேட்டதே பெரிசு" என்றார்.

இரண்டாயிரத்தில், தவமலரின் அண்ணன் கனடாவிலிருந்து அவளையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். கணவர் இறந்துவிட்டார் என்று அவள் சத்தியம் செய்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் காரியம் சுலபமாகும் என்றார்கள். தர்சினிக்கு அப்போது பத்து, பதினொரு வயது. நன்றாகப் படிக்கிற பிள்ளை. தவமலருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "பிள்ளைக்காகப் போடலாம். ஆனா கை வருகுதில்ல. நீங்கள் படிச்சனீங்கள், நீங்கள் சொல்லுங்கோ மிஸ்" என்றாள்.

ஆய்வாளர் அறிவுரை சொல்லக் கூடாது. ஆனால் குணநாயகம் உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு பெண்ணைப் பொய்ச் சத்தியம் செய்ய விடுவதா? "மனசாட்சிக்கு விரோதமாகக் கையெழுத்துப் போடாதே" என்றேன். அவளிடம் நான் சொன்ன ஒரே அறிவுரை அதுதான். போடவில்லை. அண்ணனுக்குக் கோபம், போன் பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் தொடர்ந்து விடுதி அறைகளைத் துடைத்தாள். அறிவுரை சரியானது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

இரண்டாயிரத்து இரண்டில் அங்கே போர்நிறுத்தம் வந்தது. திரும்பிப் போவதைப் பற்றி முகாம்களில் பேச ஆரம்பித்தார்கள். குணநாயகம் என்னைக் கிடங்குக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். துவைத்த சட்டை போட்டிருந்தார்.

"கடைசியா ஒருக்காக் கேக்கிறன் மிஸ். இந்தப் பக்கம் அவள் இருக்கிறாள் எண்டு ஒரு துளி நம்பிக்கை இருந்தாலும் நான் இஞ்சையே கிடப்பன். இல்லையெண்டால் ஊருக்குப் போய் வயலைப் பார்க்கிறன். நீங்கள் சொல்லுறதுதான்."

பக்கத்தில் யாரும் இல்லை. ஏரிப் பக்கமிருந்து நல்ல காற்று. அவ்வளவு தெளிவாக யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. என் ஆய்வேடு முடிந்து பட்டமும் வாங்கியிருந்தேன்; புத்தகம் மட்டும்தான் பாக்கி. நினைத்திருந்தால் அவரைக் கையோடு பஸ் ஏற்றிக் கூட்டிப்போயிருக்கலாம். இருட்டுவதற்குள் அவள் வாசலில் நின்றிருப்பார். ஆனால் அவளும் பிள்ளையும் இருக்கிறார்கள் என்றால், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார். இத்தனை வருடப் பேட்டிகளும் என்னோடு சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். இதற்கு வாக்கும் காரணம் இல்லை, ஆய்வு விதியும் காரணம் இல்லை. பயந்தேன்.

"இல்லை" என்றேன்.

அவர் டேப்ரிக்கார்டரைக் காட்டி, அதை ஒருமுறை போடச் சொன்னார். நான் பட்டனை அழுத்தினேன். அவர் மனைவியோடு பேசினார். என்றைக்காவது எங்காவது அவளைப் பார்த்தால் போட்டுக் காட்டுங்கள் என்றார். உரலுக்காகத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டார். மகளுக்குத் தலை வாரும்போது வலிக்காமல் வாரச் சொன்னார். பிறகு சொதி நன்றாகத்தான் இருக்கும் என்றார்.

மறுவாரம் படகில் போய்விட்டார். மழைக்காலம் முடிந்து, செங்கல்வராயன்தான் சொன்னார். "அந்தப் பெயின்டரு, அதாம் மேடம், உங்ககிட்ட பேசிகினே இருப்பாரே, ஊருக்குப் போயி வயல்ல இறங்கிக்கீறாரு. எப்பவோ பொதைச்ச கண்ணிவெடி. அங்கியே போய்ட்டாராம். பாவம் மேடம், நல்ல மனுசன்." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

தவமலர் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து, டேப்ரிக்கார்டரைப் போட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன். கணவர் உயிரோடு இருப்பதாக இப்போதும் நினைக்கிறாயா?

"ஓம் மிஸ். அவருக்கு ஒண்டு எண்டால் எனக்குத் தெரியாமப் போகுமே?"

என் புத்தகத்தில் பலரும் எடுத்துக்காட்டுகிற வரி அதுதான். வெளிநாட்டுக் கருத்தரங்கில் அதை வாசித்தபோது முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புத்தகம் வந்து சில வருடம் கழித்து, தர்சினி படித்த கல்லூரியில் அது நூலகத்துக்கு வந்திருக்கிறது. அகதிகள் பற்றிய புத்தகம் என்று எடுத்திருக்கிறாள். பெயர்களையும் ஊர்களையும் மாற்றியிருந்தேன். இரண்டு அத்தியாயங்களிலும் இருந்த உரலை மாற்றவில்லை. அதை எடுத்துவிட்டால் அத்தியாயமே இல்லை. அம்மாவைப் பற்றிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு, இது அம்மாதான் என்று சிரித்தாளாம். அடுத்த அத்தியாயத்தையும் படித்தாள். அதில் அந்த மனிதர் இறந்தது எப்படி என்றும் எழுதியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பிறகு குடிபோன நாவலூர் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இங்கேயே வளர்ந்த பிள்ளை. வெளியாட்களிடம் இந்த ஊர்ப் பேச்சுதான் பேசுவாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"எங்கப்பா வாய்ஸ் இருக்கா மிஸ்? அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. ஒரு தடவ கேட்டா போதுமாம்."

இல்லை என்றேன். எழுத்தில் எடுத்துக்கொண்ட பிறகு ஒலிப்பதிவை அழித்துவிடுவதுதான் முறை என்று விளக்கினேன். அதிலும் அவர் கடைசியாகப் பேசியதில் உண்மைப் பெயர்கள் இருந்தன, வைத்திருப்பது ஆபத்து. நல்ல கேசட் என்பதால் அடுத்த பேட்டிக்கு அதையே பயன்படுத்தினேன். அவர் பேசியதன் மேல்தான் அவள் அம்மா பேசியது பதிந்திருக்கிறது. அம்மாவின் குரல் வேண்டுமானால் தருகிறேன் என்றேன். அலமாரியிலிருந்து எடுத்தும் கொடுத்தேன். அவள் அதை வாங்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளேயிருந்த லட்சுமணன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்னும் அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அம்மா யார்கிட்டயும் பேசறதில்ல மிஸ்."

அவ்வளவுதான் நடந்தது. தர்சினி உங்களுக்குக் கொடுத்த புகாரில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அவர்களைச் சேரவிடாமல் வைத்திருந்தது நான்தான். குணநாயகத்தை அந்த வயலுக்கு அனுப்பியதும் நான்தான். பட்டத்தைத் திரும்பப் பெறுவதானாலும், வேலையிலிருந்து நீக்குவதானாலும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த முகாமுக்கு நான் போகக் கூடாது என்று தடை போட்டிருக்கிறீர்கள். ஒருமுறை மட்டும் அனுமதி கொடுங்கள். தெரியாமல் இருந்தவரைக்கும் தவமலர் சொன்னதெல்லாம் என்னிடம் இருக்கிறது. தெரிந்துகொண்ட பிறகு அவள் என்ன சொல்கிறாள் என்பது மட்டும்தான் இல்லை. யாரிடமும் பேசுவதில்லை என்கிறார்கள். என்னிடம் பேசுவாள். இத்தனை வருடத்தில் அவள் மனம்விட்டுப் பேசிய ஒரே ஆள் நான்தான்.